கழற்றிய பாகத்தைக் கண்ணில் காட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மூன்று கார்கள்தான் நின்றன. இன்று வீட்டுக்கு வீடு ஒன்று நிற்கிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கார் வாங்கியவர்கள். எந்த மாடல், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த வங்கியில் வட்டி குறைவு என்றெல்லாம் மாதக்கணக்கில் விசாரிக்கும் இவர்கள், வாங்கிய காரை எங்கே சர்வீசுக்கு விடுவது என்பதை மட்டும் ஒரே பேச்சில் முடிவு செய்துவிடுகிறார்கள். ‘கம்பெனியிலேயே விடுங்கள், வெளியே விட்டால் வாரண்டி போய்விடும்’ என்று ஒருவர் சொன்னால் அங்கே விடுகிறார்கள். ‘கம்பெனியில் தீட்டிவிடுவார்கள், எனக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார்’ என்று இன்னொருவர் சொன்னால் அங்கிருந்து இங்கே மாறிவிடுகிறார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் காரை ஒப்படைப்பதால் பணமும் போகிறது, சில நேரம் பாதுகாப்பும் போகிறது என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை ஒன்றின் உதிரிபாகக் கிடங்கில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஸ்பேனர் பிடித்தவன் அல்லன். ஸ்பேனர் பிடித்தவர்களுக்குப் பொருள் எடுத்துக் கொடுத்தவன். எங்கள் கிடங்கில் ஒரு நடைமுறை இருந்தது. புதிய பாகம் வேண்டுமென்று மெக்கானிக் சீட்டு எழுதிக்கொண்டு வந்தால், கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு கொண்டுவர வேண்டும். ரிவெட் தலை வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்த பிரேக் லைனிங், ஓரம் பிரிந்து நூல் தொங்கும் ஃபேன் பெல்ட், விரலால் சுழற்றினால் கரகரக்கும் பேரிங் என்று எது வந்தாலும், அதை மேசைமேல் வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் புதியதை எடுத்துத் தருவோம். ‘இது இன்னும் ஒரு மாதம் ஓடும்’ என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டால் அதே பாகம் திரும்பவும் பேருந்துக்கே போகும். மக்கள் பணத்தில் வாங்கிய பொருள் என்பதால் அந்தக் கண்டிப்பு. சொந்தக் காரைப் பராமரிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. கழற்றிய பாகத்தை நாம் கேட்காமலே கண்ணில் காட்டும் இடம் எதுவோ அங்கே விட வேண்டும்; அது கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூமாக இருந்தாலும் சரி, தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும் சரி.

என் அனுபவத்தையே சொல்கிறேன். என்னுடையது 2017-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். வாரண்டி இருந்த காலம் முழுவதும் கம்பெனி சர்வீசில்தான் விட்டேன்; அதில் எனக்குக் குறையேதும் இல்லை. வாரண்டி முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 52,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, வழக்கம்போல் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஒன்றில் காலையில் விட்டுவிட்டு வந்தேன். செய்யவேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பேனாவால் சுழித்துக் காட்டினார்கள். மதிப்பீடு 13,800 ரூபாய். வீட்டுக்கு வந்து, காரோடு கொடுத்த கையேட்டில் உள்ள பராமரிப்பு அட்டவணையை எடுத்து அந்த மதிப்பீட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் இரண்டிலும் இருந்தன. எஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம் ஆகிய நான்கும் மதிப்பீட்டில் இருந்தன. அட்டவணையில் எங்கும் இல்லை. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று அட்டவணையில் அச்சிட்டிருந்தது. மதிப்பீட்டில் அதற்கு இடமே இல்லை.

இது சின்ன விஷயமன்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றில் ஈரம் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. ஈரம் சேரச் சேர அந்த ஆயிலின் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டும்வரை இது தெரியாது. மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போதுதான், சூடேறிய ஆயில் கொதித்து ஆவியாகி, மிதித்த பெடல் பிடிமானமில்லாமல் உள்ளே போகும். இதை மாற்ற ஆகும் செலவு மேற்சொன்ன நான்கில் பலவற்றைவிடக் குறைவு. இருந்தாலும் கம்பெனி சர்வீசிலும் சரி, வெளியிலும் சரி, நாம் வாய்விட்டுக் கேட்காவிட்டால் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான் என்பதை நான் கவனித்து வந்திருக்கிறேன்.

அன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு சர்வீஸ் அட்வைசர் தொலைபேசியில் அழைத்தார். “சார், ஃப்ரண்ட் பிரேக் பேடு ரெண்டும் முழுசா தேஞ்சு போச்சு, மாத்திடலாமா?” என்று கேட்டார். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளரை விடுவதில்லை, அது பாதுகாப்பு விதி என்றார். சற்று நேரத்தில் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அதில் தேய்ந்த பேடு ஒன்று இருந்தது. ஆனால் அது என் காரினுடையதுதானா என்று சொல்ல அந்தப் படத்தில் ஓர் அடையாளமும் இல்லை. ஆயிலும் ஃபில்டரும் பிரேக் ஆயிலும் மட்டும் மாற்றுங்கள், மற்றவை வேண்டாம் என்று சொல்லி மாலையில் காரை எடுத்து வந்தேன்.

பிரேக் விஷயம் என்பதால் மனம் கேட்கவில்லை. மறுநாளே பல்லாவரத்தில் நண்பர் ஒருவர் சொன்ன மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைத் திறந்து பேடை வெளியே எடுத்தார். படிந்திருந்த கரித்தூளைத் துணியால் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை அதன் ஓரத்தில் வைத்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். “ஆறு மில்லி இருக்கு சார். புதுசுல பத்து இருக்கும். மூணுக்கு வந்தா மாத்திக்கலாம்” என்றார். நான்கு பேடுகளையும் அப்படியே அளந்து காட்டினார். ஸ்லைடு பின்களுக்கு கிரீஸ் தடவி மறுபடி மாட்டினார். 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தப் பேடுகளை நான் மாற்றியது 68,000 கிலோமீட்டரில். அதாவது ‘முழுசா தேஞ்சு போச்சு’ என்ற பேடுகள் அதற்கு மேல் 16,000 கிலோமீட்டர் உழைத்தன.

அந்த அட்வைசரைத் திட்ட எனக்கு மனமில்லை. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். புதிய கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. சர்வீசும் உதிரிபாக விற்பனையும்தான் தொழிலைத் தாங்குகின்றன என்பது அந்தத் துறையில் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்வது. ஒரு காருக்கு இவ்வளவு பில் வர வேண்டும் என்ற இலக்கு மேலிருந்து வந்தால், கீழே இருப்பவர் அட்டவணையில் இல்லாததை எழுதத்தான் செய்வார். அதற்குத் தடை போட வேண்டியது நம் கேள்வியும் அரசின் விதியும்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வெளி மெக்கானிக்தான் சரி என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அதற்கு முன்பே வேறொரு ஒர்க்‌ஷாப்பில் என் மகளின் காரை ஆயில் மாற்ற விட்டு நான் பட்ட பாடு உண்டு. காரை எடுத்து வந்த மறுநாள் காலையில் போர்ட்டிகோ தரையில் பத்து ரூபாய் நாணய அளவில் ஆயில் சொட்டியிருந்தது. துடைத்தோம். அதற்கு மறுநாள் இரண்டு நாணயம். ஒரு வாரத்தில் ஒரு தோசை அளவுக்கு வட்டம் விழுந்தது. வேறு இடத்தில் தூக்கிப் பார்த்தபோது, ஆயில் வடிக்கும் ட்ரெயின் பிளக்கை நீளமான பைப்பு போட்டு இறுக்கியதில், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் ஆயில் பேனின் மரையே போயிருந்தது. பிளக்குக்கு அடியில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டிய வாஷரும் போடப்படவில்லை. சில ரூபாய் பெறாத வாஷர் அது. அதைவிட மோசம், ஊற்றிய ஆயில். அந்த எஞ்சினுக்குக் கையேடு சொல்வது 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ரகம். ஒர்க்‌ஷாப்பில் ஊற்றியது பீப்பாயிலிருந்து பிடித்த 20டபிள்யூ-40 என்ற கெட்டி ரகம். பழைய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் கெட்டியான ஆயில் ஊற்றுவது வழக்கம். இன்றைய பெட்ரோல் எஞ்சின்களின் பாகங்கள் மிக நெருக்கமான இடைவெளியில் பொருந்தி ஓடுகின்றன. ஸ்டார்ட் செய்தவுடன் மேலே ஏறிப் பரவும் மெல்லிய ஆயில்தான் அவற்றுக்குத் தேவை. ‘கெட்டியா ஊத்தினா எஞ்சின் நல்லா இருக்கும்’ என்று சொல்லும் மெக்கானிக், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், உங்கள் எஞ்சினை அறியாதவர். பில் கேட்டபோது ஒரு துண்டுத் தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் என்ன கேட்க முடியும்?

அடுத்தது வாரண்டி பயம். வெளியே ஒரு முறை ஆயில் மாற்றினாலே வாரண்டி முழுவதும் செல்லாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியத் தொழில் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காதபடி நிறுவனங்கள் அடைத்து வைத்திருந்தன என்பதே குற்றச்சாட்டு. அவற்றைத் திறந்துவிட வேண்டும் என்றும், வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை மறுக்கக் கூடாது என்றும் ஆணையம் உத்தரவிட்டது. வெளியே செய்த தவறான வேலையால்தான் சேதம் வந்தது என்றால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது என்பதும் உண்மை. ஆகவே நடைமுறையில் நான் சொல்வது இது: வாரண்டியும், பணம் கட்டி நீட்டித்த வாரண்டியும் இருக்கும்வரை கம்பெனி சர்வீசிலேயே விடுவது தொல்லையற்ற வழி. ஆனால் அது நம் வசதிக்காக நாம் எடுக்கும் முடிவாக இருக்கட்டும். அச்சத்தில் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் அவசரத்துக்கு வெளியே ஒரு வேலை பார்க்க நேர்ந்தால் பதறவும் வேண்டாம், பில்லைப் பத்திரப்படுத்தினால் போதும்.

உதிரிபாகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்நாள் வேலை அது. ‘ஒரிஜினல்’ என்றால் கார் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வருவது மட்டுமே என்று நினைக்கிறோம். கார் நிறுவனங்கள் பிரேக்கையும் கிளட்ச்சையும் ஃபில்டரையும் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை; அதற்கென்று உள்ள தொழிற்சாலைகளிலிருந்து வாங்கிப் பொருத்துகின்றன. நம் பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் பாகங்களும் ஸ்டார்ட்டர் மோட்டார்களும் செய்யும் ஆலைகள் 1960-கள் முதல் இயங்கி வருகின்றன. அத்தகைய நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் பாகங்களை விற்கின்றன. உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்தால் அவை கிடைக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு. இதை ‘லோக்கல் பார்ட்ஸ்’ என்று ஒதுக்குவது அறியாமை. அதே நேரத்தில், பெயரை ஓரெழுத்து மாற்றி அச்சிட்ட போலிகளும் அதே சந்தையில் புழங்குகின்றன. அதனால்தான் பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதுபோலவே, புதிய பாகத்தின் பெட்டியையும் பிரிப்பதற்கு முன் காட்டச் சொல்ல வேண்டும் என்கிறேன். அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், பாக எண் ஆகியவை பெட்டிமேல் அச்சிட்டிருக்கும். ஆயிலாக இருந்தால் சீல் உடைக்காத டப்பா நம் கண்முன் திறக்கப்பட வேண்டும், காலி டப்பாவை நாம் கொண்டுவந்துவிட வேண்டும்.

எல்லா வேலையையும் ஒரே இடத்தில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடந்த ஆண்டு என் காரில், திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. பல்லாவரத்து மெக்கானிக்கிடம் காட்டினேன். தன்னிடமிருந்த சிறிய ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தவர், “இது கம்பெனி ஸ்கேனர்ல பார்க்கணும் சார், நான் கை வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை இன்னும் கூடியது அன்றுதான். முன்பு பேடை மாற்றச் சொன்ன அதே சர்வீஸ் சென்டருக்குத்தான் மறுபடி போனேன். இம்முறை மூத்த டெக்னீஷியன் ஒருவர், முன் சக்கரத்திலிருந்த சென்சாரின் ஒயர் உராய்ந்து அறுந்திருந்ததைக் கழற்றி எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுப் பிறகு மாற்றினார். ஆக, ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான நடத்தை இருக்கிறது. காற்றுப்பை, ஏபிஎஸ், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 கார்களின் புகை சுத்திகரிப்பு அமைப்பு, மின்சாரக் கார்களின் உயர் அழுத்த மின்பகுதி ஆகியவற்றில் அதற்கான கருவியும் பயிற்சியும் இல்லாதவர்கள் கை வைக்கக் கூடாது. தயாரிப்புக் குறைபாட்டுக்காக நிறுவனம் திரும்ப அழைக்கும் வேலைகள் எப்படியும் அங்கேதான் நடக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது. இதுவரை வெளியே சர்வீஸ் செய்துவந்தவர்களும் அந்த உரிமையை இழப்பதில்லை. ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு, பேட்டரி, வைப்பர், டயர், வீல் அலைன்மென்ட் போன்ற வழக்கமான வேலைகளோ, கையேட்டை மதிக்கும் எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் ஒழுங்காக நடக்கும்.

வெளி ஒர்க்‌ஷாப்புகள் நலிந்துவிடக் கூடாது என்பதற்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காரணம் இருக்கிறது. மறைமலை நகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதற்கு முன்பே செவர்லே கார்களை விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ஆம் ஆண்டோடு இங்கே விற்பனையை முடித்துக்கொண்டது. சர்வீஸ் தொடரும் என்று நிறுவனங்கள் சொன்னாலும், சிறு ஊர்களில் இருப்பவர்களுக்கு ஷோரூம் பக்கத்திலேயே இருந்த காலம் முடிந்துபோனது. அந்தக் கார்கள் இன்றும் ஓடுகின்றன என்றால் அதில் பெரும் பங்கு நம் மெக்கானிக்குகளுடையது. அரசு ஐடிஐ-களில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இருக்கிறது. ஆனால் பதினான்கு வயதில் ‘டேய், பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனர் எடு’ என்ற குரலுக்குப் பழகி, குரு ஒருவரின் கீழ் தொழில் கற்று, இன்று நாற்பது வயதில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துபவருக்கு, ஸ்கேனரையும் புதிய எஞ்சினையும் கற்றுத்தர மாலை நேர வகுப்பு நடத்தினால் எத்தனை குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பில் விஷயத்தில் நாம்தான் மெத்தனமாக இருக்கிறோம். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவுள்ள சிறிய ஒர்க்‌ஷாப்பு ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அதற்காக பில்லே இல்லை என்று பொருளல்ல. தேதி, கிலோமீட்டர், என்ன பாகம், ஆயிலின் தரம், எவ்வளவு லிட்டர், லேபர் எவ்வளவு என்று பிரித்தெழுதிக் கையெழுத்திட்ட பில் போதும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதை முறையற்ற வணிகமாகவும், வேண்டுமென்றே தகவலை மறைப்பதைச் சேவைக் குறைபாடாகவும் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என் கதையில் அன்று என்னிடம் ஒழுங்கான பில் இருந்திருந்தால் ஆயில் பேன் செலவை நான் ஏற்றிருக்க வேண்டியிருந்திருக்காது.

புதிய இடம் ஒன்றைச் சோதிக்க நினைப்பவர்கள் முதலிலேயே பெரிய சர்வீசைக் கொடுக்க வேண்டாம். டயர் மாற்றிப் போடுவது, ஏர் ஃபில்டர் பார்ப்பது போன்ற சிறிய வேலையோடு போய், அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஒரு தட்டில் போடுகிறார்களா, தரையில் உருட்டிவிடுகிறார்களா, சக்கர நட்டுகளைக் கடைசியில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குகிறார்களா, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒரு சிறுவனைப் படுக்கவைக்கிறார்களா என்று பாருங்கள். உழைப்பாளியின் உயிரை மதிக்காத இடம் உங்கள் காரையும் மதிக்காது. கைப்பேசியில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து காரை எடுத்துப்போகும் சேவைகள் இப்போது பெருகியிருக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கார் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது, யார் கையில் வேலை நடக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம். அதோடு நிற்காமல் தமிழ்நாடு அரசும் சிலவற்றைச் செய்ய முடியும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நம் மாநிலத்தில் கார் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் பராமரிப்பு அட்டவணையையும் ஜாப் கார்டையும் தமிழிலும் தர வேண்டும். அந்த அட்டவணையைச் சர்வீஸ் சென்டர் வரவேற்பறையில் பெரிய எழுத்தில் தொங்கவிட வேண்டும். அட்டவணையில் இல்லாத எந்த வேலையையும் வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றிச் செய்யக் கூடாது. மாற்றிய பாகங்கள் அனைத்தையும் பில்லோடு சேர்த்து ஒரு பையில் போட்டு ஒப்படைக்க வேண்டும், வேண்டாமென்றால் வாடிக்கையாளர் அங்கேயே விட்டுச் செல்லட்டும். இதில் எதற்கும் பெரிய செலவில்லை. அரசுப் பேருந்துகளுக்கு எங்கள் பணிமனையில் முப்பது ஆண்டு நடந்ததைத்தான் கேட்கிறேன்.

68,000 கிலோமீட்டரில் கழற்றிய அந்த பிரேக் பேடுகளை நான் தூக்கிப் போடவில்லை. வாசல் திண்ணையில், ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் யாருக்காவது சர்வீஸ் சென்டரிலிருந்து அப்படியொரு அழைப்பு வந்தால் நேராக என்னிடம் வருகிறார்கள். மூன்று மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று அளந்து காட்டி, ‘உங்கள் காரில் கழற்றியதையும் இப்படி வைத்துப் பார்த்த பிறகு சரி என்று சொல்லுங்கள்’ என்று அனுப்பிவைக்கிறேன். சென்ற மாதம் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் இருவருக்குப் பேடு மாற்றத் தேவையிருக்கவில்லை, ஒருவருக்கு உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தது, மாற்றிக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.